ஐந்தாம் மடிப்பு

பழுப்புத் தாளை நகத்தால் நீவி மடிக்கையில் எழும் ‘சரக்’ என்ற ஓசையோடுதான் எங்கள் கதைப் பாடம் தொடங்கும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், சம்பா வயல்களை ஒட்டிய பள்ளியில் நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கமலா டீச்சர் தாளை ஐந்தாக மடிக்கச் சொல்வார். யார், எங்கே, எப்போது, என்ன சிக்கல், எப்படி முடிந்தது என்று மடிப்புக்கு ஒன்றாக எழுத வேண்டும். “கடைசி மடிப்பு காலியா இருந்தா பாதி மார்க்தான்” என்பார்.

என் பக்கத்தில் உட்காரும் நூர்ஜகான், துபாய்க்குப் போய் ஓராண்டாகக் கடிதம் போடாத தன் அத்தாவைப் பற்றி எழுதினாள். அப்பாவை அவள் அப்படித்தான் அழைப்பாள். நான்கு மடிப்புகள் நிரம்பின. “அத்தாதான் இன்னும் வரலையேடி, என்னத்த எழுத?” என்று ஐந்தாவதை விட்டுவிட்டாள். “பாதிக் கதைக்காரி” என்றான் பின்னாலிருந்த ஒருவன். எதையும் அரைகுறையாக விடப் பொறுக்காதவள் நான். தாள்களைச் சேர்த்துக் கொடுக்கும் ‘லீடரும்’ நானே என்பதால், அவளுக்குத் தெரியாமல் பென்சிலால் எழுதினேன்: ‘அத்தா வருவதாகத் தகவல் வந்துவிட்டது. எல்லோரும் மகிழ்ந்தனர்.’ டீச்சர் அதன்மேல் சிவப்பு மையில் ‘சரி’ போட்டு முழு மதிப்பெண் கொடுத்தார்.

அவர்கள் தெருவுக்கு வரும் வெளிநாட்டுக் கடிதங்கள் பள்ளி முகவரிக்கே வரும். படிக்கத் தெரியாத பெண்களுக்கு டீச்சர்தான் வாசித்துக் காட்டுவார். அன்று மாலை நூர்ஜகானின் தம்பி அவள் பையிலிருந்து தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். அவள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. டீச்சரின் சிவப்பு மை தெரியும்.

மறுநாள் காலை, வெளுத்த துப்பட்டி போர்த்தி, அந்தத் தாளோடு அவள் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். “அவங்க எப்ப வர்றாங்களாம் டீச்சர்? கடுதாசியக் கொஞ்சம் படிங்களேன்.”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். “இது கதைப் பாடம்மா. கடுதாசி எதுவும் வரலைங்க.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “கடைசி மடிப்பு யாரு எழுதினது?” என்றார்.

நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உருண்டைக் கையெழுத்தை நன்றாக அறிந்த நூர்ஜகான் எழுந்து, “நான்தான் டீச்சர்” என்றாள். அவள் அம்மா தாளை வாங்கிக்கொண்டு போனார்.

அறுவடை முடிந்ததும் அவர்கள் மயிலாடுதுறையில் தாய்மாமன் வீட்டுக்குக் குடிபோனார்கள். அவள் பள்ளிக்கு வந்த கடைசி நாளில் என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஐந்தாம் மடிப்பு மட்டும், கோணாமல் கத்தரிக்கப்பட்டு இருந்தது.

இப்போது நானும் ஐந்தாம் வகுப்புக்குக் கதைப் பாடம் நடத்துகிறேன். கடிதம் படிக்கச் சொல்லி யாரும் பள்ளிக்கு வருவதில்லை. எல்லார் கையிலும் போன். அவள் அத்தா வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆண்டுதோறும் அந்தத் துண்டைப் புது டைரிக்கு மாற்றி வைக்கிறேன். என் பென்சில் எழுத்து ஏறக்குறைய அழிந்துவிட்டது. டீச்சர் போட்ட ‘சரி’ மட்டும் அப்படியே இருக்கிறது.