சுண்ணாம்புப் பட்டையில் மாமா

அந்தக் கோடை லீவில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மாமாவைத் தனியாக விடக்கூடாது. "எங்க போனாலும் கூடவே போ கண்ணு, உட்டு நகராத" என்றாள் அம்மா. தன் தம்பியிடமோ, "இவ ஒரு எடத்துல நிக்க மாட்டா, நீதான் பாத்துக்கோணும்" என்று சொல்லியிருந்தாள். ஆக, நான் மாமாவைக் காவல் காத்தேன், மாமா என்னைக் காவல் காத்தார்.

எனக்கு ஒன்பது வயது. காலில் சக்கரம் கட்டியவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். மாமா எனக்கும் மேல். கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு, பட்டாளத்தை விட்டு வந்தவர். இரண்டு வாய் தின்பார், எழுந்து போய் வாசலைப் பார்ப்பார், திரும்பி வருவார். மாரமங்கலம் பஸ் மேட்டில் கியர் மாற்றினால் சட்டென்று சுவரோரம் குனிந்துகொள்வார். அம்மா சமையலுக்கு நடுவே சும்மாவே "தம்பி" என்று கூப்பிடுவாள். "என்னக்கா" என்று குரல் வந்தால் போதும், ஒன்றுமில்லை என்பாள். உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று வீடே பயந்து கிடந்தது. எனக்கு மட்டும் அது தெரியாது.

அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சும்மா இருந்தால் மனசு கெடும் என்று மாமாவுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். மெட்ராஸிலிருந்து முதலாளி வருவதற்குள் ரோட்டோரச் சில்வர் ஓக் மரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிக்க வேண்டும். மாமா இரண்டே நாளில் அடித்து முடித்தார். பிறகு மரத்துக்கு நம்பர் போடும் கறுப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு, ரோட்டு வளைவில் பள்ளத்தைப் பார்த்து நிற்கும் பாறைக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து மரங்களில் ஒவ்வொன்றாக முகம் வரைய ஆரம்பித்துவிட்டார். தொப்பி வைத்த முகங்கள். முதலாளி பார்த்தால் என் சீட்டு கிழிந்தது என்றார் அப்பா. ஆனாலும் அழிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இவங்கெல்லாம் சண்டையில செத்தவங்களா மாமா?"

"இல்ல கண்ணு. பத்திரமா ஊடு வந்து சேந்தவங்க. வந்தப்புறம் அவங்களே உசுர மாச்சுக்கிட்டாங்க. என்னாச்சுன்னு யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல."

பத்திரமாக வீடு வந்தவர்களுக்கு அதற்குமேல் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

களை வெட்டப் போகிற பெண்கள் நின்று கேட்பார்கள். மாமா எல்லோரிடமும் இதையே ஒளிக்காமல் சொன்னார். ஒரு நாள் செம்மநத்தத்து அக்கா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, எங்கண்ணனும் பட்டாளந்தானுங்க. வயித்து வலியில போயிட்டாருன்னு ஊருக்குச் சொன்னோம். வயித்து வலி இல்லீங்க."

தழும்பு எந்தப் புருவத்தில், மூக்கு எப்படி என்று அவள் சொல்லச் சொல்ல, மாமா நான்காவது மரத்தில் வரைந்தார். "காது இன்னுங் கொஞ்சம் பெருசுங்க" என்று அழுதுகொண்டே திருத்தினாள். அதற்குப் பிறகு மற்றவர்களும் தங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரர்களைப் பற்றி வாய்விட்டுப் பேசினார்கள்.

ஐந்தாவது மரம் யாருக்கு என்று கேட்டேன். "அது எனக்கு" என்றார் மாமா. எனக்குப் பொறாமையாக இருந்தது. தனக்கென்று ஒரு மரம் யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் மத்தியானம், "நொம்பத் தாகமா இருக்குது. ஊட்டுக்குப் போயி தண்ணி வாங்கிட்டு வா கண்ணு. மெதுவா வந்தாப் போதும்" என்றார். கொண்டுவந்த தண்ணீர் பாதி அப்படியே இருந்தது. அது சூடாகிவிட்டது என்றார்.

பாதி வழி போயிருப்பேன். ஐந்தாவது மரத்தின் வெறும் வெள்ளைப் பட்டை என்னைப் போகவிடவில்லை. திரும்பி ஓடி வந்தேன். பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. மாமா தள்ளிப் போய், பாறை விளிம்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று பிரஷ்ஷை எடுத்தேன். ஒரு வட்டம், இரண்டு கண். மீசையில் மாட்டிக்கொண்டேன்.

"மாமா, உங்க மீசை மேல போவுதா, கீழ போவுதா?"

மாமா திரும்பவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது.

"இங்க வந்து நில்லுங்க மாமா. பாக்காம எப்படி வரையறது?"

அவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே பார்த்தார். பிறகு ஒவ்வோர் அடியாக நடந்து வந்து மரத்தின் முன்னால் நின்றார். அசையக்கூடாது என்று அதட்டினேன். மாதக்கணக்கில் ஓரிடத்தில் நில்லாத மனிதர், அசையவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, அதைக்கூடத் துடைக்கவில்லை. தொப்பி எனக்கு வரையத் தெரியாது, விட்டுவிட்டேன். பல் தெரியச் சிரிக்கிற மாமாவை வரைந்தேன். பக்கத்தில் இடம் இருந்ததால் என்னையும் வரைந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார். "இவளத் தண்ணிக்கு அனுப்புனேன் அக்கா. போகல, திரும்பி வந்துட்டா."

அடி விழப்போகிறது என்று கதவோரம் ஒதுங்கினேன். அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவரை உட்கார வைத்துச் சோறு போட்டு, தட்டு காலியாகும்வரை ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்பா மறுநாளே மாமாவைச் சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார். முதலாளி வந்தார், காரை நிறுத்தி ஐந்து மரங்களையும் பார்த்தார், மறுபடி ஏறிப் போனார்; அப்பாவின் சீட்டு கிழியவில்லை.

அன்றைக்கு மாமா சாப்பிட்டுக் கை கழுவப் போனதும் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இனிமே மாமா எங்கியாச்சும் போகச் சொன்னாப் போகாத சாமி. அவரு பேச்சக் கேக்காத."

பெரியவர்கள் பேச்சைக் கேட்காதே என்று பெற்ற தாயே சொல்வது எனக்குப் பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. அந்த லீவு முடியும்வரை நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. அம்மா ஒரு தடவைகூட என்னை அடிக்கவில்லை.