கரண்டு போனால் படுத்துவிடும் சிங்கப்பூர் சர்வர்

சின்னாளபட்டி நெசவாளர் குடும்பங்கள் சுங்குடிச் சேலைகளை ஆன்லைனில் விற்க ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். அதை எந்த நிறுவனத்தின் சர்வரில் வைப்பது என்று நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் சர்ச்சில் பழக்கமான ஒருவர் வந்து சேர்ந்தார். நாகல் நகரில் ஹோஸ்டிங் நிறுவனம் நடத்துகிறாராம்.

"ஏம்மா, நம்ம ஆளு இருக்கும்போது வெளியூர்க்காரன்கிட்ட ஏன் போயி நிக்கணும்? நம்ம சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு. ஒரு செகண்டுகூட நிக்காது" என்றார்.

ஞாயிறுதோறும் பார்க்கும் முகமாயிற்றே என்று எதையும் சோதிக்காமல் தலையாட்டினேன்.

தீபாவளி விற்பனை சூடுபிடித்த நேரத்தில் ஒரு நாள் காலை தளம் நின்றுபோனது. நெசவாளர்கள் எனக்குப் போன் மேல் போன் போட்டார்கள். அவரோ என் போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். நாகல் நகரில் அன்று மாதாந்திர மின்தடை. அவர் வீட்டு மாடியறையில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, ஒரு பழைய கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. இன்வெர்ட்டர் இல்லாமல் இல்லை. அதில் அவருடைய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுதான் சிங்கப்பூராண்ணே?"

"சாயங்காலம் கரண்டு வந்துரும்மா. இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?"

மனிதருக்குக் கூச்சம் என்பதே கிடையாது. நல்லவேளை, முந்தைய நாள் எடுத்த தளத்தின் நகல் என்னிடம் இருந்தது. மதியத்துக்குள் தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றினேன்.

இப்போதும் இப்படிப்பட்ட ஹோஸ்டிங் மேதைகள் வருகிறார்கள். பெருமையெல்லாம் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவர்கள் தெருவில் மின்தடை வரும் நாளில், அவர்களுடைய சொந்த இணையதளத்தைத் திறந்து பார்க்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் திறக்கவில்லை.