பதினொரு கட்டைகள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் டியூனர். பியானோ தூக்கும் கூலியாக ஆரம்பித்து, தூக்கின பியானோவையே பேச வைத்தவர். சுருதி சேர்க்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காது இருந்தது, போதாதா? நாற்பத்து நான்கு வருஷத்தில் அவர் கைவைத்த பியானோ ஒன்றுகூடப் பிசகி நின்றதில்லை. இதை அவர் வாயால் கேட்காத ஆள் ஊரில் இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும்.

அவருக்குப் பதினாறு வயது இளையவள் தங்கை. எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே திரிவாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் வண்டு. ஐம்பத்திரண்டு வயதாகியும் வண்டுதான். அவள் இசையமைப்பாளர் என்றால், “எந்தப் படத்துக்கு?” என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். படமும் இல்லை, பாட்டும் இல்லை. அரங்கத்தில் நாலு பேரோ நாற்பது பேரோ உட்கார்ந்து வாசிக்க, தாளில் பென்சிலால் எழுதுகிறவள். காலையில் பள்ளியில் பாடம் எடுப்பாள். மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தாளை விரித்தால், கால் வைத்த இடமெல்லாம் ரப்பர் தூள். ஒரு நாளைக்கு எட்டு விநாடி இசை தேறினால் அன்று வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள்.

இதுவரை பத்தொன்பது எழுதியிருக்கிறாள். முக்கால்வாசி ஒரே ஒரு தடவை வாசிக்கப்பட்டு அலமாரிக்குப் போனவை. எல்லாவற்றுக்கும் அண்ணன் போய் முதல் வரிசையில் உட்காருவார். ஒன்றும் பிடிபடாது. “பியானோ சுத்தமா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வருவார்.

இருபதாவதுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு பியானோ, நான்கு தந்தி வாத்தியங்கள், அரை மணி நேரம். வண்டுவின் இசை முதல் தடவையாக இசைத்தட்டாக வரப்போகிறது. மேடையில் வாசிக்கும்போதே பதிவு. ஒரே சாயங்காலம், ஒரே வாய்ப்பு. ஆனால் அண்ணனை ஒத்திகைப் பக்கமே அவள் விடவில்லை.

“நேரா அன்னைக்கு வா, போதும்.”

“ஏன், நான் வந்து கேட்டா உன் சங்கீதம் கருத்துப் போயிடுமா?”

சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா அவர்? பதிவன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கே அரங்கத்தில் போய் நின்றார். காவலாளி சலாம் வைத்து உள்ளே விட்டான். மேடையில் யாரும் இல்லை. பியானோவைத் திறந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனார். சட்டென்று விரல் நின்றது. இன்னும் நாலு தள்ளி மறுபடி நின்றது. பதினொரு கட்டைகள் சுருதி இறங்கிக் கிடந்தன.

“எந்தப் படுபாவி பண்ணின வேலை இது?”

கம்பி முறுக்கும் சாவி பையில் எப்போதும் இருக்கும். கட்டைக்கு மூன்று கம்பி, ஒவ்வொன்றாக முறுக்கினார். நடுவில் ஒரு தடவை கை தயங்கியது. எங்கேயோ கேட்ட சத்தம் போல இருந்தது. ஆத்திரத்தில் அதைத் தள்ளிவிட்டு வேலையை முடித்தார்.

ஆறு இருபத்தைந்துக்குப் பியானோ வாசிப்பவரோடு வண்டு மேடை ஏறினாள்.

“அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லு. உன் மானத்தைக் காப்பாத்தியிருக்கேன்.”

வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு வண்டுவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே... என்ன பண்ணினே?”

“சரி பண்ணினேன்.”

அவள் மேடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வேணும்னேதான் இறக்கி வெச்சோம். கம்பி நிலைக்கணும்னு மூணு நாளா. அந்தப் பதினொன்னுக்காகத்தான் ரெண்டு வருஷமா எழுதினேன்.”

“பிசகின பியானோவுக்கா? உனக்கு என்ன மூளை கலங்கிடுச்சா?”

“இதுக்குத்தான் உன்கிட்ட சொல்லல.”

இறக்கி வைத்த அரங்கத்து டியூனர் அன்று ஊரில் இல்லை. ஏழு மணிக்குக் கதவைத் திறந்தாக வேண்டும் என்று மேலாளர் கையைப் பிசைந்தார். வண்டு ஒரு தாளை நீட்டினாள். பதினொரு கட்டைகள் வட்டமிட்டிருந்தன. பக்கத்தில், ஒவ்வொன்றும் எவ்வளவு இறங்க வேண்டும் என்ற குறிப்பு.

அதே பதினொன்று, அதே இறக்கம்: படித்தவர் தன் பழைய பியானோவை அடையாளம் கண்டுகொண்டார்.

ஒரு பள்ளிக்கூடம் தூக்கி எறிந்த பியானோ அது. அவர் வீட்டுக்கு இழுத்து வந்த முதல் பியானோ. கம்பி சுற்றும் ஆணிகளைப் பிடித்திருக்கும் பலகை வெடித்திருந்தது. ராத்திரி முறுக்கி வைத்தால் விடிவதற்குள் அதே பதினொரு கட்டைகள் இறங்கியிருக்கும். மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டித் தோற்றார். ஒருநாள் கோடாலியால் பிளந்துபோட்டுவிட்டு, நல்ல விலைக்கு விற்றதாக ஊரில் சொன்னார். அந்த நாற்பத்து நான்கு வருஷக் கணக்கு அதற்கு மறுநாளிலிருந்துதான் ஆரம்பம்.

“உனக்கு அப்ப எட்டு வயசு” என்றார்.

“அதுக்கு அடியிலதான் நான் தூங்குவேன். எனக்கு அதுதான் பியானோ. மத்ததெல்லாம்தான் பிசகு.”

“அது வித்த பியானோ...”

“கொல்லையில கட்டை கட்டையா கிடந்ததை நான் பாத்தேன் அண்ணே.”

நாற்பத்து நான்கு வருஷமாக இவளுக்குத் தெரியும். ஊர் முழுக்க அவர் பீற்றிக்கொண்டபோதெல்லாம், பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள்.

டியூனர் தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். அது அவருக்குத் தேவைப்படவில்லை. சாவியை ஆணியில் மாட்டி, நன்றாக நின்ற கம்பியைத் தன் கையாலேயே தளர்த்தினார். பெற்ற பிள்ளையைக் கிள்ளுவதுபோல இருந்தது. வண்டு முனகிக் காட்டினாள்: “இன்னும் கொஞ்சம்... போதும், போதும், ஒரு இழை ஏத்து.” அவர் காதே பிடிக்காத வித்தியாசத்தை அவள் பிடித்தாள். இதுவும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இறக்கின கம்பி மேலேறாமல் இருக்க, கட்டையை ஓங்கி ஓங்கிக் குத்தி உட்கார வைத்தார்.

ஏழேகாலுக்குக் கதவு திறந்தது.

அந்த அரை மணி நேரமும் முதுகு வேர்த்து நனைய உட்கார்ந்திருந்தார். பிசகின கட்டை ஒவ்வொன்றும் ஒலித்ததும், நான்கு தந்திகளும் தாழ்ந்து இறங்கி அதனோடு சேர்ந்துகொண்டன. அவரால் சரிசெய்ய முடியாததை அவள் யாரையும் சரிசெய்ய விடவில்லை. மற்ற நால்வரைத்தான் அதற்கு வளைத்திருந்தாள். கடைசிவரை ஒரு கம்பியும் அசையவில்லை.

கைதட்டலுக்கு நடுவே அவருக்கு நேர் பின்வரிசையில் ஒருவர் பக்கத்துக்காரரிடம் சொன்னார்: “இவ்வளவு பெரிய அரங்கம், பியானோவைச் சரியா டியூன் பண்ண ஒரு ஆள் கிடைக்கலையா?”

டியூனர் திரும்பினார். ஊருக்கே தெரிந்த அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்டவர் வெலவெலத்துப்போனார்.

“நான்தான் பண்ணினேன்” என்றார் டியூனர். “பதினொன்னும்.”