அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்த நோய்

அஞ்சலை அக்காவுக்குப் புற்றுநோய் என்பது மருத்துவருக்குத் தெரியும். தம்பி குப்புசாமிக்குத் தெரியும். தம்பி மனைவிக்குத் தெரியும். ஊசி போட வந்த நர்சுக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே சாகவிட்டார்கள்.

செய்தி வந்தபோது நான் கச்சிராயப்பாளையத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு கூட்டம். அதில் பேச வேண்டியவர் அக்காதான். அவர் படுத்துவிட்டதால் கொஞ்ச காலமாக நான் போய்க்கொண்டிருந்தேன். போனில் குப்புசாமியின் மனைவி, "அக்கா பூட்டாங்கப்பா. டீ கேட்டாங்க, குடிச்சாங்க, படுத்தாங்க," என்றார். பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கீழே போகிற பஸ்ஸுக்காக வெயிலில் நின்றேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் எதையும் புதிதாகச் சொல்லப் போவதில்லை. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் கூலி வேலை பார்த்தவர். நடவு, களை, கரும்பு வெட்டு. கணவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் பயப்படாமல் வாய் திறப்பார் என்பதால் தெருவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் துணைக்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு எங்கள் குழுவில் சேர்ந்தார். குழு என்றால் ஏழெட்டுப் பேர். ஊர் ஊராகப் போய், ஆஸ்பத்திரியில் நீங்கள் என்ன கேட்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று பேசுகிற வேலை. நாங்கள் பேசினால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். அக்கா பேசினால் திரும்பச் சண்டை போடுவார்கள். அதுதான் வேண்டும் என்பார்.

அவரோடு நான் முதலில் போனது ஒரு மலைப் பெண்ணுக்காக. கல்யாணமாகி ஒரு வருடம், முகமெல்லாம் வெளிறி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். மருத்துவர் பரிசோதித்துவிட்டு அவள் தலைக்கு மேலே பார்த்து, கூட ஆம்பளை யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து வெளியே போகக் கிளம்பிவிட்டாள். அதுதான் பழக்கம். நோயாளி வெளியே, ஆம்பளை உள்ளே.

அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நோவு இதுக்கு சார். ஆம்பள வந்து இன்னா பண்ணுவான்? பக்கத்துல குந்திக்கினு தலைய ஆட்டுவான், அவ்ளோதான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ரத்தம் எவ்வளவு கம்மியாக இருக்கிறது, ஏன் கம்மியானது, எந்த மாத்திரை எதற்கு என்று அவளிடமே சொன்னார். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். தன் உடம்பைப் பற்றி அவள் ஒரு மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்விகள் அவையாகத்தான் இருக்கும். "ஒடம்பு யாருதோ, சேதி அவங்களுக்குத்தான் மொதல்ல" என்பது அக்கா வாக்கு. பஸ்ஸில் யாராவது, கூட வந்தவளுக்கு என்ன நோய் என்று அவரிடம் விசாரித்தால், "அத அதுகிட்டயே கேளு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

டாக்டர்களோடு மட்டும் மல்லுக்கு நின்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் ஒரு காசநோய்க்காரர். இருமல் கொஞ்சம் அடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நாங்கள் போனபோது அரசாங்கத்தைத் திட்டினார். மாத்திரை ஒழுங்காக வருவதில்லை, நர்சு மதிப்பதில்லை, ஏழை என்றால் இளக்காரம் என்றார். எல்லாம் உண்மை. நான் வேகமாக ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"மாத்திர வரலன்னா சொல்லு, உன்கூட வந்து நானும் சண்ட போடறேன். வந்த மாத்திரைய கூரைல சொருவி வச்சிக்கினு கீறியே, அதுக்கு யாராண்ட போயி சண்ட போடறது?"

கூரையில் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று அந்த ஆள் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து போய், கூரைக்குள் கையை விட்டு அட்டைகளை உருவி எடுத்துப் புருஷன் மடியில் போட்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து மாத்திரை எடுத்து முழுசாக முடித்தார். அக்காவின் சாவுக்கு வந்திருந்தார்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு உதிரப்போக்கு வந்தது. மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து. உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தம்பி குப்புசாமி வந்து, வாடகைக் கார் பிடித்து, ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். பரிசோதனை முடிவு வந்த அன்று அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தம்பியிடம் பேசினார்கள். வெளியே வந்து அவர், "புண்ணுதான்க்கா, ஆறிடும்," என்றார். அக்காவைக் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். மீன் வாங்கி வந்து முள் எடுத்துக் கொடுத்தார்.

புண் ஆறவில்லை. நான் பார்க்கப் போனபோது அக்கா பாதியாக இருந்தார். மருத்துவரைப் பார்த்து விசாரித்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார். போனேன். குடும்பத்தாரிடம் மட்டும்தான் சொல்வேன் என்று அவர் முடித்துவிட்டார். திரும்பி வந்து சொன்னதும் அக்கா சிரித்தார்.

"சரியாத்தான் சொல்லிக்கிறாரு. வெளியாளுக்குச் சொல்லக்கூடாது. ஆனா நான் வெளியாளு இல்லியே."

பெரிய நோயாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டதைச் சொன்னேன். "எனக்கும் அப்டித்தான் படுது. பட்டத வச்சிக்கினு வைத்தியம் பாக்க முடியுமா?" என்றவர், கடையிலிருந்து தம்பியைக் கூப்பிட்டார்.

"குப்பு, எனக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லக்கா. புண்ணுதான்."

"புண்ணுக்கு நீ ஏன்டா அழுவுற?"

குப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். நாமே நேரில் போய்க் கேட்டுவிடலாம், ஆட்டோ கொண்டுவா என்றார் அக்கா. வார முடிவில் போவதாகப் பேச்சு. அதற்குள் உதிரம் அதிகமாகி, எழுந்து உட்கார முடியாமல் போனது. அப்புறம்தான் அந்தப் போன்.

அடக்கம் முடிந்த பிறகு தம்பி மனைவி எல்லாவற்றையும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், கரண்டு வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், கட்டுப்படுத்தலாம், காப்பீட்டில் இலவசமாகவே செய்வார்கள் என்று அந்த மருத்துவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். தெருவில் ஒருத்தி கரண்டு வைத்து, முடி கொட்டி, வேதனைப்பட்டுச் செத்ததைக் குப்புசாமி பார்த்திருக்கிறார். சொன்னால் அக்கா அன்றைக்கே செத்துவிடும், சொல்லாதீர்கள் சார் என்று கையைப் பிடித்திருக்கிறார். மருத்துவர் சம்மதித்துவிட்டார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் உயிரை உள்ளே இரண்டு ஆண்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். தம்பி பாசத்தில் செய்தார். படித்த மருத்துவர் எதில் செய்தார்? நான் மறுபடி போய்க் கேட்டேன். குடும்பம் கேட்டுக்கொண்டது என்றார். அக்கா அந்தக் குடும்பத்தில் இல்லையா?

அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. போக வேண்டாம் என்றுகூட அவர் முடிவு செய்திருக்கலாம். அது அவர் எடுத்திருக்க வேண்டிய முடிவு.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருத்துவர் எதிரே உள்ள நாற்காலியை நோயாளிக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நிற்கிறேன். மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசினால் பதில் சொல்வதில்லை. சிலர் என்னைச் செவிடன் என்று நினைக்கிறார்கள்.

படத்திறப்பு அன்று குப்புசாமியே செலவு செய்து பந்தி போட்டார். பேனரில் அக்காவின் படத்துக்குக் கீழே 'சமூக சேவகி' என்று அடித்திருந்தார்கள். வந்தவர்களுக்குத் தம்பி தன் கையாலேயே பரிமாறிக்கொண்டிருந்தார். என் இலைக்கு வந்தபோது கேட்டேன்.

"அண்ணே, மொத நாளே டாக்டர் சொல்லிட்டாராமே. போறியா வேணாமான்னு அக்காவ ஒரு வார்த்த ஏன் கேக்கல?"

பக்கத்து இலைகளில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். குப்புசாமி என் இலையில் சாம்பார் ஊற்றினார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.