சூளைக்காரர்கள் கேட்ட சிம்பொனி

“யாரோ ஸ்வீடன்காரர் கதைய நம்ம ஆளுங்க எதுக்கும்மா கேக்கணும்? பேசாம ரெண்டு சினிமா பாட்டு பாடிட்டு உக்காரு” என்றார், அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் எங்கள் பொங்கல் விழாவை நடத்தியவர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று இசை ஆசிரியை. கேட்கவைக்க என்னால் முடியும் என்று தெரிந்துதான் மேடையேறினேன்.

அந்த ஸ்வீடன் இசையமைப்பாளரின் சிம்பொனிகளை அவர் காலத்து ஊர் மதிக்கவில்லை, பிழைப்புக்காகக் கண்ணாடி ஆலை நடத்தினார் என்றேன். வந்திருந்தவர்களில் பலரும் டைல்ஸ் கம்பெனியில் சூளை வேலை பார்ப்பவர்கள்; அவர்களில் அண்ணன் ஒருவர் எழுந்தார்.

“சூளையில டூட்டி பாத்தாராம்மா, இல்ல மேனேஜரா?”

“மேனேஜர்ண்ணே.”

“அப்ப சரி. பாட்டு எழுத நேரம் இருந்திருக்கும்.”

அரங்கமே சிரித்தது. அந்தக் கலகலப்பிலேயே அவருடைய சிம்பொனியை ஒலிக்கவிட்டேன். முதல் பகுதி முடிந்து இசை நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். விழா நடத்தியவர் மைக்கைப் பிடித்து, “கலாஸ், முடிஞ்சிருச்சு. யல்லா, சாப்பிடப் போலாம்” என்றார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

“உக்காருங்கண்ணே. மூச்சு விடத்தான் நிறுத்திருக்காங்க, இன்னும் பாட்டு இருக்கு” என்றேன்.

உட்கார்ந்தார்கள். சாம்பார் ஆறும்வரை கேட்டார்கள்.

அடுத்த மாதத்துக்கும் அதே அரங்கைப் பதிவு செய்துவிட்டேன். அன்று அவருடைய இன்னொரு சிம்பொனி.