காற்றுக்கு ஒரு கடிவாளம்

அக்காவின் ஏர் ரைபிளுக்கு மாமா காற்று ஏற்றிய அழகை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். பெரிய சிலிண்டரிலிருந்து துப்பாக்கியின் தொட்டிக்குள் காற்று சீறிக்கொண்டு இறங்கும். மீட்டரின் முள் ஏற ஏற மாமாவின் புருவமும் ஏறும். அக்காவின் கணவரைத்தான் மாமா என்கிறேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செட் பட்டறை வைத்திருந்தார். ஆழக் கிணற்றுத் தண்ணீரை மேட்டுக் காட்டுக்கு ஏற்றிவிடுகிற மனிதர். அழுத்தம் கூடினால் வேகம் கூடும் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் அந்த மாதிரித் துப்பாக்கி அபூர்வம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே போட்டிகளில் சுடுகிறவள் அக்கா. அவளுக்காக மாமாதான் எங்கெங்கோ சொல்லிவைத்துப் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தார். அவர் அம்மாவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. "இந்தத் தடவை ஸ்டேட் டீமுல சேத்துக்கலைன்னா, அதைப் பரண்ல போட்டுப்போட்டு ஊட்டைப் பாரு கண்ணு" என்று தணிவாகத்தான் சொன்னார். அக்காவும் தலையாட்டிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்டேட் டீம் தேர்வு நெருங்கும்போது பார்த்து, குண்டுகள் குறிக்குக் கீழே விழ ஆரம்பித்தன. காற்று பத்தவில்லை என்று மாமா இன்னும் ஏற்றினார். குண்டு இன்னும் கீழே போனது. மனிதர் விடுவாரா? தொட்டி தாங்கும் எல்லை வரை ஏற்றிப் பார்த்தார். பட்டறையின் பின்சுவரில் குறி அட்டை மாட்டிச் சுட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, காத்து கொறைஞ்சு வரும்போதுதானுங்க நல்லா விழுகுது. நீங்க ரொப்புனதும் கெட்டுப்போகுது."

மாமா நம்பவில்லை. அன்று முழுக்க வால்வைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் பிடிபட்டது: காற்று அளவுக்கு மீறினால் வால்வையே இறுக்கி மூடிவிடுகிறது, அதைத் தட்டித் திறக்கும், துப்பாக்கிக்குள் இருக்கிற சின்னச் சுத்தியலால் போதுமான அளவு திறக்க முடிவதில்லை. குறைந்துபோனாலும் வேகம் இல்லை. எப்போதும் ஒரே அளவுக் காற்று வால்வுக்குப் போனால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும்.

"தண்ணிய வேகமா தள்ளறதுக்குத்தான் இத்தனை நாளும் பாடுபட்டேன். காத்தை நிறுத்தி அனுப்பறதுக்கு ஒண்ணு செய்யோணும்போல இருக்குது. செஞ்சு போடறேன் அம்மணி" என்றார்.

செய்தார். தொட்டிக்கும் வால்வுக்கும் நடுவே பித்தளையில் ஒரு சின்ன ரெகுலேட்டர். லேத்தில் கடைந்து, உள்ளே கிண்ணம் போன்ற வாஷர்களை அடுக்கி, ஒவ்வொரு முறையும் காற்றை முழுக்க இறக்கிவிட்டுப் பிரித்து, திருகைத் துளித்துளியாகத் திருப்பி, மறுபடி மாட்டினார். ஒரு சாயங்காலம் அக்கா சுட்ட குண்டுகள் அத்தனையும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போயின. இரண்டு பேரும் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இன்று அக்காவிடம் சுடப் பழக வருகிற பெண்கள், ரெகுலேட்டரோடே வந்திறங்கும் துப்பாக்கிகளைச் சாதாரணமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். நிற்கட்டும், அதுதானே வேண்டும்!

தேர்வில் அக்கா ஜெயித்தாள். அவள் துப்பாக்கியும் கையுமாக வீடு திரும்பியதும் மாமாதான் வாசலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார். மாமியார் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அதை இப்படிக் குடு கண்ணு, நான் புடிச்சுக்கறேன். நீ மொதல்ல உக்காந்து சோறு உண்ணு."