அண்ணியின் தாளில் ஐந்தாவது சொல்

என் அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறார். அவரைப் பற்றி அங்கே எழுதிவைத்த ஒரே ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முதலில் அவர் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வார்டிலிருந்து நோயாளியின் ரத்தம் சின்னக் குழாயில் வரும், கூடவே ஒரு படிவமும் வரும். இரண்டிலும் பெயரும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த ரத்தத்தையும், ஏற்றப்போகும் பையிலிருந்து எடுத்த ரத்தத்தையும் கலந்து, இயந்திரத்தில் சுழலவிட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டி கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டினால் அந்தப் பை அந்த ஆளுக்கு எமன். அண்ணி ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து, வாய்விட்டு, இரண்டு தரம் படிப்பார். வீட்டிலும் இதே கதைதான். கேஸ் அடுப்பை மூடிவிட்டேன் என்று நான் சொன்னாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் ரெண்டு தரம் பார்த்திருக்கலாம்ல?" என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

ஒருமுறை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள்மேல் ஆள் ஓடிவந்து ரத்தம் கேட்டார்கள். வந்த குழாயில் இருந்த ரத்த வகை அந்த நோயாளியின் பழைய பதிவோடு ஒத்துவரவில்லை. புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார் அண்ணி. சர்ஜன் போனில் கண்டபடி திட்டினார். அண்ணி அசையவில்லை. புதுக் குழாய் வந்த பிறகுதான் தெரிந்தது, முதலில் வந்தது பக்கத்துக் கட்டில்காரரின் ரத்தம். திட்டிய வாய் மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு நன்றி கிடையாது.

அங்கே வேலை பார்க்கும் பதினான்கு பேருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தாள் நிரப்புவார்கள். 'பணியாளரின் இயல்பு' என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுத வேண்டும். கையெழுத்துப் போடுவது ரத்த வங்கியின் தலைவரான பெரிய டாக்டர். எழுதுவது என்னவோ அவருடைய கிளார்க். அவரை எல்லோரும் ஃபைல் அண்ணன் என்பார்கள். எல்லாருக்கும் 'கேர்ஃபுல்', அதாவது கவனமானவர் என்று எழுதிப் பல வருஷம் ஓட்டினார். ஒரு வருஷம் தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது. பதினான்கு பேருக்கும் ஒரே சொல்லா, ஆளைப் பார்த்து எழுதுங்கள் என்று குறிப்பு.

நியாயமான பேச்சு. ஆளைப் பார்ப்பதற்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? ஃபைல் அண்ணன் நடக்கவில்லை. கடைக்குப் போய், ஒரு சொல்லுக்கு அதே பொருள் தரும் மற்ற சொற்களை வரிசையாக அடுக்கியிருக்கும் புத்தகம் ஒன்று வாங்கிவந்தார். ஒருத்தருக்கு ஒரு சொல். அடுத்த வருஷம் அவருக்கு அடுத்த சொல். கொடுத்ததைப் பென்சிலால் டிக் அடித்துக்கொள்வார். தலைமை அலுவலகம் அதற்குப் பிறகு ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. அவர்களாவது பார்த்துக் கிழித்தார்களா!

கேர்ஃபுல்லாக இருந்த அண்ணி முதல் வருஷம் 'காஷியஸ்' ஆனார், முன்ஜாக்கிரதைக்காரர். சரி, போகட்டும். அடுத்து 'வேரி', எதையும் லேசில் நம்பாதவர். அதற்கடுத்து 'ஹெசிடன்ட்', தயங்குகிறவர். நான்காம் வருஷம் 'டிமிட்'. பயந்தாங்கொள்ளி! புத்தகத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான். ஆனால் முதல் வீட்டுக்கும் ஐந்தாவது வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ஊரார் ரத்தத்தை இரண்டு தரம் பார்க்கிற அண்ணி, தன் தாளின் அடியில் பணியாளர் கையெழுத்துக்கான இடத்தில், ஒரு தரம்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்டால், "டாக்டர் எழுதினதை நான் என்னத்த சரிபார்க்கிறது தம்பி?" என்றார்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு அண்ணிதான் மூப்பில் முதல் ஆள். நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, முடிவெடுக்கணும்னா உங்களுக்குப் பயமா?" அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார்கள். இடம் அண்ணியைவிட ஆறு வருஷம் இளையவர் ஒருவருக்குப் போனது. அந்த வருஷம் அவருக்கு விழுந்த சொல் 'ஷார்ப்', கூர்மையானவர். அவர் நல்ல மனுஷர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அண்ணி நேரே ஃபைல் அண்ணனிடம் போனார். அவர் மேஜை டிராயரிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பெருமையோடு பிரித்துக் காட்டினார்.

"எல்லாம் ஒரே அர்த்தம்தாம்மா. பாருங்க, புக்லயே ஒரே வரிசையில போட்டிருக்கான்."

"அப்படின்னா இதை உங்க தாள்ல போட்டுக்கங்களேன்."

"ஐயையோ, எனக்கு எப்படிம்மா? அது நல்லா இருக்காதே!"

எப்படி இருக்கிறது பார்த்தீர்களா? தனக்கென்று வரும்போது மட்டும் அர்த்தம் வேறாகிவிட்டது.

மேல்முறையீடு செய்ய இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணி பெரிய டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கொடுமைக்காரர் இல்லை. கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"அடடா, திருத்திடலாம்மா. புது தாள்லயே எழுதித் தர்றேன். என்ன வார்த்தை போடலாம் சொல்லுங்க."

"வார்த்தை எதுவும் வேணாம் டாக்டர். நான் செய்யற வேலையை ரெண்டு வரி எழுதுங்க. அது போதும்."

"கண்டிப்பா" என்று பேனாவைத் திறந்தார். தாளின்மேல் குனிந்தார். பேனா நகரவில்லை. நிமிர்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"நீங்க... அங்க எந்த டேபிள்ல இருக்கீங்க? என்ன வேலைம்மா பார்க்கறீங்க?"

அண்ணி நின்றபடியே சொன்னார். குழாய், படிவம், எண், தகடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். பரீட்சைக்குச் சொல்லித்தருவது மாதிரி இருந்தது என்று பிறகு அண்ணி சொன்னார்.

அந்த இடம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே நிரப்பியாயிற்று என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதைப் படித்த அன்று அண்ணி கண் கலங்கவில்லை. அவர் அழுதது டாக்டர் அறையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றுதான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோழைன்னு எழுதினதைக்கூடத் தாங்கிக்கிட்டேன் தம்பி. பதினோரு வருஷமா அவர்கிட்ட வேலை பார்க்கறேன். அவர் ரூமுக்கும் என் டேபிளுக்கும் நடுவுல ஒரு கண்ணாடிக் கதவுதான் இருக்கு."